காமா கிளைசின் படிகத்தை வளர்த்து அதன் அழுத்தமின் விளைவை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமினோ அமிலப் படிகங்களின் அழுத்தமின் விளைவை, அதாவது பீசோமின் பண்பை, அளக்க வரும் மாணவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறார்கள். படிகம் கிடைத்த அன்றே இரண்டு கம்பி ஒட்டி, மின்னழுத்த மாற்றத்தைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் இணைத்து, விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். ஏதோ ஒரு துடிப்பு வரும். அது படிகம் கொடுத்ததா, விரல் கொடுத்ததா என்று அப்போது சொல்ல முடியாது. இந்த வேலையில் அளவீடு ஒரு மணி நேரம்தான். அதற்கு முன்னால் உள்ள வரிசைதான் முழு வேலையும்.

எடுத்துக்காட்டாகக் கிளைசினை எடுத்துக்கொள்கிறேன். அமினோ அமிலங்களில் மிக எளியது, விலை குறைவு, நீரில் நன்றாகக் கரையும். எங்கெல்லாம் சறுக்கலாமோ அத்தனையும் இதிலேயே இருப்பதால், இதைச் சரியாகச் செய்தவருக்கு மற்றவை கடினமில்லை.

1. எந்த வடிவம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

சாதாரணச் சூழலில் கிளைசின் மூன்று விதமாகப் படிகமாகும்: ஆல்ஃபா, பீட்டா, காமா. மூன்றிலும் மூலக்கூறு ஒன்றுதான். அடுக்கப்படும் முறைதான் வேறு.

ஆல்ஃபாவில் மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசை பார்த்தபடி சோடி சேர்கின்றன. ஆகவே படிகத்துக்குச் சமச்சீர் மையம் உண்டு. அழுத்தும்போது ஒரு மூலக்கூறில் ஏற்படும் மின்னூட்ட நகர்வை அதன் சோடி அப்படியே ஈடுகட்டிவிடும். எவ்வளவு பெரிய, எவ்வளவு தெளிவான ஆல்ஃபா படிகமாக இருந்தாலும் அதற்கு அழுத்தமின் விளைவு கிடையாது.

காமாவில் மூலக்கூறுகள் படிகத்தின் சி அச்சு என்னும் திசையைச் சுற்றித் திருகுபோல அடுக்கப்பட்டு, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். சமச்சீர் மையம் இல்லை. அந்த அச்சின் வழியே அழுத்தினால் இரு முனைகளிலும் எதிரெதிர் மின்னூட்டம் தோன்றும். ஒரு நியூட்டன் விசைக்கு ஏறத்தாழ 10 பிகோகூலூம் மின்னூட்டம்; இந்த விகிதத்தைத்தான் அழுத்தமின் கெழு என்கிறோம். குவார்ட்ஸின் 2.3-ஐ விட இது நான்கு மடங்கு.

பீட்டாதான் எல்லோரும் ஆசைப்படுவது. 2018-இல் அயர்லாந்தின் லிமரிக் பல்கலைக்கழகக் குழு நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில் பீட்டாவுக்கு அதே அலகில் 178 என்ற எண்ணை வெளியிட்டது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வருபவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிப்பதில்லை. ஒன்று, அது டி16 என்னும் சறுக்குக் கெழு. மேலிருந்து நேராக அழுத்தினால் அது கிடைக்காது. ஒரு முகத்தைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். இரண்டு, பீட்டா நிலையற்றது. ஈரக்காற்று பட்டாலே ஆல்ஃபாவாகவோ காமாவாகவோ மாறிவிடும். கடலோர ஊர்களில் திறந்த மேசையில் வைத்து அதை அளக்க நினைப்பது வீண். முதல் முயற்சிக்குக் காமாவைத் தேர்ந்தெடுங்கள். அறை வெப்பநிலையில் நிலையானது அதுதான்.

2. முன்கூட்டியே திரட்ட வேண்டியவை

ஏ.ஆர். தரக் (பகுப்பாய்வுக்கான உயர்தூய்மைத் தரம்) கிளைசின், ஏ.ஆர். தரச் சோடியம் குளோரைடு, வாலைவடி நீர், எத்தனால், வடிதாள், மூடியுள்ள பீக்கர்கள், தெர்மோகோல் பெட்டி, மெல்லிய நைலான் இழை, சிலிக்கா ஜெல் போட்ட உலர்கலன், நீர் சேராத வெள்ளிப் பசை, இரண்டு போலராய்டு தாள்கள், கொஞ்சம் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசல். சமையல் உப்பு வேண்டாம். அதில் அயோடின் சேர்மமும் கட்டிப்படாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்கும். இரண்டுமே படிக வளர்ச்சியைக் கெடுக்கும்.

எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு அல்லது எஃப்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) கருவிக்கு இப்போதே நாள் கேட்டு வையுங்கள். படிகம் வந்த பிறகு கேட்டால் முறை வருவதற்குள் பொறுமை போய், சோதிக்காமலே அளக்கத் தோன்றும்.

3. கரைசல்

100 மில்லி நீரில் 12 கிராம் சோடியம் குளோரைடைக் கரைத்து, அப்புறம் 24 கிராம் கிளைசினைச் சேருங்கள். 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, ஒரு துகள்கூட மிஞ்சாமல் கலக்குங்கள். இதில் அவசரம் கூடாது. பாட்டிலில் வரும் கிளைசின் பெரும்பாலும் ஆல்ஃபா. கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு கரையாமல் தங்கினாலும் அதுவே வித்தாகி, அதாவது மற்றவை படிந்து வளரும் தொடக்கத் துண்டாகி, வளர்வதெல்லாம் ஆல்ஃபாவாக இருக்கும்.

உப்பு எதற்கு? வெறும் நீரிலிருந்து ஆல்ஃபாதான் முந்திக்கொண்டு வரும். உப்பு கரைந்திருந்தால் காமா வரும் வாய்ப்பு கூடுகிறது. வாய்ப்புதான், உறுதி இல்லை. அதனால்தான் பின்னால் அடையாளச் சோதனை தவிர்க்க முடியாதது.

கரைசல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே வடிகட்டி, ஊசியால் சில துளைகள் இட்ட பாலித்தீன் தாளால் வாயைக் கட்டுங்கள். துளை அதிகமானால் ஆவியாதல் வேகமாகி, நூறு சின்னப் படிகங்கள் அடியில் ஒட்டிக்கிடக்கும்.

கன அளவு பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். அறை வெப்பநிலையில் 100 மில்லி நீரில் சோடியம் குளோரைடு சுமார் 36 கிராம் கரையும். நாம் போட்ட 12 கிராம், நீர் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்போது தெவிட்டிவிடும். அதற்குப் பிறகு கனசதுர உப்புப் படிகங்களும் சேர்ந்து விழும்.

4. வெப்பநிலையைப் பிடித்து வையுங்கள்

100 கிராம் நீரில் 25 டிகிரியில் 25 கிராம் கிளைசின் கரைகிறது. 50 டிகிரியில் 39 கிராம். ஒரு டிகிரிக்கு அரைக் கிராமுக்கு மேல் என்று ஆகிறது. இரவில் 27, மதியம் 33 என்று மாறும் அறையில், இரவில் வளர்ந்தது மதியம் கரைந்துபோகும். வித்தைத் தொங்கவிட்டு மறுநாள் வெறும் இழையைப் பார்த்தவர்கள் பலர்.

வெப்பநிலைக் கட்டுப்பாடுள்ள நீர்த்தொட்டி இருந்தால் நல்லது. இல்லையென்றால் பீக்கரைப் பெரிய நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, அதைத் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, சன்னலும் ஏ.சி.யும் இல்லாத மூலையில் விடுங்கள். இரண்டு பாகை ஏற்ற இறக்கத்துக்குள் நிற்கும். அது போதும்.

5. வித்தும் வளர்ச்சியும்

முதல் தொகுதியில் வருபவற்றிலிருந்து தெளிவான, பால்போல் கலங்காத, சில மில்லிமீட்டர் படிகங்களைப் பொறுக்குங்கள். நன்றாக வளர்ந்த காமா படிகத்தின் ஒரு முனை கூராகவும் மறுமுனை தட்டையாகவும் இருக்கும். சி அச்சின் இரு முனைகளும் ஒன்றல்ல என்பது வடிவத்திலேயே தெரியும். ஆனால் வடிவத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். வளர்ச்சி வேகத்துக்கும் உப்பின் அளவுக்கும் ஏற்ப அது மாறும்.

பொறுக்கியவற்றில் சிலவற்றை அடுத்த படியிலுள்ள சோதனைக்கு அனுப்பி, காமா என்று உறுதியான பிறகே மீதியை வித்தாக்குங்கள். புதிதாக வடிகட்டிய கரைசலில் நைலான் இழையில் கட்டித் தொங்கவிட்டால், சில வாரங்களில் அறுத்து அளக்கும் அளவுக்கு வளரும்.

6. அடையாளச் சோதனை: இதைத் தாண்டாமல் அளவீட்டுக்குப் போகாதீர்கள்

எஃப்.டி.ஐ.ஆர். நிறமாலையில் ஆல்ஃபா அலையெண் 910 அருகிலும், காமா 930 அருகிலும் பட்டை காட்டும். இரண்டும் தெரிந்தால் கலவை. எக்ஸ்-கதிர்த் தூள் படத்தில், செம்பு மூலத்துக்கு, காமாவின் வலுவான உச்சி 25.3 டிகிரியில் வரும். ஆல்ஃபாவுக்கு 29.9 டிகிரியில் பார்க்க வேண்டும்.

தூள் படத்தை வளர்த்த படிகத்திலிருந்தே எடுங்கள். பீக்கர் அடியில் கிடந்த தூளை அனுப்பிவிட்டு, இழையில் தொங்கிய படிகத்தை அளப்பது அடிக்கடி நடக்கிறது. இரண்டும் ஒரே வடிவமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கிளைசினையும் ஓர் உப்பையும் சேர்த்து வளர்த்தால் வருவது ‘புதிய சேர்மம்’ என்று எழுதிவிடும் பழக்கம் படிக வளர்ச்சி ஆய்வில் நெடுநாளாக இருக்கிறது. அப்படி அறிவிக்கப்பட்ட பல படிகங்கள் மறுபரிசோதனையில் வெறும் காமா கிளைசின் என்று தெரியவந்துள்ளன. கரைசலில் போட்டதெல்லாம் படிகத்துக்குள் போய்விடாது. ஒரு துண்டைக் குளிர்ந்த எத்தனால்-நீர்ச் சமக்கலவையில் நொடிப்பொழுது அலசி, வடிதாளில் ஒற்றி எடுத்து, நீரில் கரைத்து ஒரு துளி வெள்ளி நைட்ரேட் விடுங்கள். வெண்ணிற வீழ்படிவு வந்தால் குளோரைடு இருக்கிறது. பெரும்பாலும் மேற்பரப்பிலோ உள்ளே சிறைப்பட்ட கரைசல் துளிகளிலோ. அந்தப் படிகத்தை அளவீட்டுக்கு எடுக்காதீர்கள். உப்புநீர் கடத்தும், தோன்றும் மின்னூட்டத்தை உள்ளேயே கசியவிடும்.

7. அச்சைக் கண்டுபிடித்து அறுத்தல்

அழுத்தமின் விளைவு திசையைப் பொறுத்தது. நமக்கு வேண்டியது டி33, அதாவது அழுத்தும் திசையிலேயே தோன்றும் மின்னூட்டத்துக்கான கெழு. அதற்குத் தகட்டின் இரு பெரிய முகங்களும் சி அச்சுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். ஈர நூலால் மெதுவாக அறுத்து, எத்தனால் தொட்ட மெல்லிய துணியில் தேய்த்துச் சமப்படுத்துங்கள். உப்புத்தாளில் உலர்வாகத் தேய்த்தால் விரிசல் விடும்.

வெட்டு சரியா என்று பார்க்க இரண்டு போலராய்டு தாள்கள் போதும். இரண்டையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்து, இடையில் தகட்டைப் பிடித்துச் சுழற்றுங்கள். சி அச்சு நேராக உங்களைப் பார்த்தால், சுழற்றும்போது வெளிச்சம் மாறாது. ஒரு சுற்றுக்கு நான்கு முறை இருண்டு வெளுத்தால் வெட்டு சாய்ந்திருக்கிறது, அல்லது அது காமாவே இல்லை. இந்த எளிய சோதனையை அளவீட்டுக்கு முன் செய்பவர்கள் மிகக் குறைவு. இது மிச்சப்படுத்தும் நேரமோ மிக அதிகம்.

“படிகத்தை அறுப்பானேன், தூளாக்கி மாத்திரைபோல் அழுத்தி அளக்கலாமே?” என்று கேட்பார்கள். தூளில் ஒவ்வொரு துகளின் அச்சும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும். கூட்டினால் சுழிக்கு அருகில்தான் வரும். பி.இசட்.டி. (ஈய சிர்கோனேட் டைட்டனேட்) பீங்கானைப் போல வெளிமின்புலம் கொடுத்து எல்லாவற்றையும் ஒரு பக்கம் திருப்பும் வழி காமா கிளைசினுக்குச் சுலபமாக இல்லை.

8. மின்முனையும் உலர்த்தலும்

இரு முகங்களிலும் வெள்ளிப் பசையை மெல்லியதாகப் பூசுங்கள். விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள். பசை பக்கவாட்டில் வழிந்தால் இரு முகங்களும் இணைந்து எல்லாம் வீணாகும். நீர்வழிப் பசை படிகத்தைக் கரைக்கும். அடுப்பில் சுடவைக்கும் பசையும் வேண்டாம்: 165 டிகிரியைத் தாண்டினால் காமா ஆல்ஃபாவாக மாறத் தொடங்கும். படிகம் பார்வைக்கு அப்படியே இருக்கலாம். விளைவு மட்டும் போயிருக்கும்.

பிறகு உலர்கலனில் ஓரிரு நாள். மேற்பரப்பில் ஈரப்படலம் இருந்தால் மின்னூட்டம் பக்கவாட்டில் ஓடிவிடும். மழைக்காலத்தில் எடுத்த அளவுகளும் கோடையில் எடுத்த அளவுகளும் ஒத்துப்போகாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கையுறை இல்லாமல் தகட்டின் ஓரத்தைத் தொடாதீர்கள். வியர்வையில் உப்பும் உண்டு.

9. ஆசிலாஸ்கோப்பை நேராக இணைக்காதீர்கள்

இதற்குக் கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது. 5 மில்லிமீட்டர் சதுரமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள தகட்டை எடுத்துக்கொள்வோம். கிளைசினின் ஒப்புமை விடுதிறன் மிகக் குறைவு. 3 என்று வைத்தால், தகட்டின் மின்தேக்குத்திறன் ஏறத்தாழ 0.33 பிகோஃபாரட்தான். ஒரு மீட்டர் கோஆக்சியல் கம்பிக்கே சுமார் 100 பிகோஃபாரட் உண்டு.

ஒரு கிலோ எடையை வைத்தால் விசை ஏறத்தாழ 10 நியூட்டன். மின்னூட்டம் 100 பிகோகூலூம். தகட்டில் மட்டும் அது நின்றால் 300 வோல்ட். கம்பியோடு பகிர்ந்தால் 1 வோல்ட். “கிளைசின் 300 வோல்ட் தரும்” என்பவரும் “ஒரு வோல்ட்தான் வந்தது” என்பவரும் ஒரே படிகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆகவே வோல்ட்டை எழுதாதீர்கள், மின்னூட்டத்தை எழுதுங்கள்.

அந்த 1 வோல்ட்டும் நிற்காது. ஆசிலாஸ்கோப்பின் உள்ளீட்டு மின்தடை 1 மெகா ஓம் என்றால், 100 பிகோஃபாரடோடு சேர்ந்து 0.1 மில்லி நொடியில் கசிந்துவிடும். எடையைக் கையால் வைக்கவே அதைவிடப் பல நூறு மடங்கு நேரமாகும். திரையில் தெரிவது நீங்கள் எவ்வளவு வேகமாக வைத்தீர்கள் என்பதைத்தான்.

வரும் மின்னூட்டத்தை வோல்ட்டாக மாற்றித் தரும் மின்னூட்டப் பெருக்கிதான் இதற்கு வழி. பிகோ ஆம்பியர் அளவே உள்ளீட்டு மின்னோட்டம் உள்ள ஓப்-ஆம்ப் (பெருக்கிச் சில்லு) ஒன்று வேண்டும். சிஏ3140 போன்றது போதும். பின்னூட்டத்தில் 1 நானோஃபாரட் மின்தேக்கியும் 1 கிகா ஓம் மின்தடையும் இணையுங்கள். 100 பிகோகூலூம் வந்தால் வெளியீடு 0.1 வோல்ட், அது தேய ஒரு நொடி ஆகும். கம்பியின் நீளம் இந்தக் கணக்கில் நுழையாது. அதுதான் இந்தச் சுற்றின் பெரிய வசதி. முழுவதையும் உலோகப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைப் புவியிணைப்பு செய்யுங்கள். இல்லையென்றால் திரை முழுக்க 50 ஹெர்ட்ஸ்தான்.

டி33-ஐ நேரடியாகக் காட்டும் டி33 மீட்டர் கிடைத்தால் வேலை இன்னும் எளிது. அவை பொதுவாக 110 ஹெர்ட்ஸில், 0.25 நியூட்டன் விசையில் அளப்பவை. நூற்றுக்கணக்கில் காட்டும் பி.இசட்.டி.க்கான வரம்பில் விட்டுவிடாமல், குறைந்த வரம்புக்கு மாற்றிச் சுழியைச் சரிசெய்த பிறகு அளக்கவும்.

10. அளவீடு

எடையை வைப்பதைவிடத் தூக்குவது சுத்தமான முறை. எடையை முதலிலேயே தகட்டின் மேல் நிறுத்தி, வெளியீடு அடங்கும்வரை காத்திருந்து, நூலால் மேலே தூக்குங்கள். மோதல் அதிர்வு இருக்காது, விசையின் அளவும் துல்லியமாகத் தெரியும். 200 கிராம், 500 கிராம், ஒரு கிலோ என்று மாற்றி, விசைக்கு எதிராக மின்னூட்டத்தை வரையுங்கள். நேர்கோடு வந்தால் அதன் சாய்வுதான் டி33. முகத்தின் பரப்பு இதில் வராது. விசை முழுவதும் மின்முனை வழியாகவே போனால் போதும்.

11. வந்தது உண்மைதானா?

நெகிழியும் உலோகமும் தொட்டுப் பிரிந்தாலே மின்னூட்டம் பிறக்கும். அந்த உராய்வு மின்னூட்டம் உங்கள் 100 பிகோகூலூமை எளிதாக விழுங்கிவிடும். அதனால் நான்கு சரிபார்ப்புகளையும் செய்யாமல் எண்ணை வெளியே சொல்லாதீர்கள்.

தகட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். குறி மாற வேண்டும், அளவு மாறக் கூடாது. குறி மாறவில்லை என்றால் நீங்கள் அளந்தது படிகத்தை அல்ல.

எடை வைக்கும்போதும் எடுக்கும்போதும் அளவு சமமாகவும் குறி எதிராகவும் இருக்க வேண்டும். உராய்வு மின்னூட்டம் இப்படி ஒழுங்காக நடந்துகொள்ளாது.

அதே அளவில் ஒரு ஆல்ஃபா தகடு செய்து, அதே பசை பூசி, அதே இடத்தில் வைத்து அளங்கள். வேதியியலாக அச்சாக அதே பொருள், விளைவு மட்டும் இல்லாதது. இதைவிட நேர்மையான ஒப்பீடு கிடைக்காது. வெறும் நீரில் வளர்த்தால் ஆல்ஃபா தானாகவே வரும். அதில் காமாவுக்குச் சமமான குறிகை வந்தால் முழு அமைப்பையும் சந்தேகிக்க வேண்டும்.

எக்ஸ் வெட்டுக் குவார்ட்ஸ் தகட்டில் (எக்ஸ் அச்சுக்குச் செங்குத்தாக வெட்டியது) 2.3 வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உங்கள் சுற்றும் எடைகளும் சரி.

12. மற்ற உயிர்ப்பொருள்களுக்குப் போகும்போது

எல்-அலனின் படிகத்தில் சமச்சீர் மையம் இல்லை. ஆனால் அதன் மூன்று அச்சுகளில் எதன் வழியே அழுத்தினாலும் சுழிதான் வரும். டி14, டி25, டி36 என்னும் சறுக்குக் கெழுக்கள் மட்டுமே அதற்கு உண்டு. எனவே எக்ஸ் முகங்களில் மின்முனை பூசி, ஒய், இசட் அச்சுகளுக்கு நடுவே 45 டிகிரியில் நீண்ட பட்டையாக வெட்டி, அதன் நீளவாக்கில் அழுத்த வேண்டும். ரோஷல் உப்பு என்னும் அழுத்தமின் படிகத்துக்குக் கையாளப்படும் அதே வெட்டுதான். டி33 மீட்டரில் வைத்துச் சுழி பார்த்துவிட்டு “அலனினில் விளைவு இல்லை” என்று எழுதிவிடாதீர்கள்.

எலும்பிலும் மரத்திலும் இதே கதைதான். ஜப்பானின் ஃபுகாடாவும் யசுதாவும் 1957-இல் எலும்பில் கண்டதும் சறுக்கு விளைவுதான். கொலாஜன் இழைகளின் திசைக்கு 45 டிகிரி சாய்வில் அழுத்தும்போது அது நன்றாகத் தெரியும். மரத்தில் செல்லுலோஸ் இழைத் திசையை அதேபோல் பார்க்க வேண்டும்; அங்கே கெழு குவார்ட்ஸின் இருபதில் ஒரு பங்கு அளவுக்குச் சிறியது. அதனால் 11-ஆம் படியின் சரிபார்ப்புகள் இன்னும் கடுமையாக வேண்டும்.

எலும்பை நன்றாக உலர்த்திய பிறகே தொடங்குங்கள். ஈர எலும்பை வளைத்தால் அதன் நுண்துளைகளில் அயனிகள் கலந்த நீர் ஓடி, தனியாக ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கும். உலர்ந்த துண்டில் வரும் எண்ணை முதலில் பதிவு செய்து, பிறகு ஈரத்தைப் படிப்படியாகக் கூட்டினால்தான் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும்.